சம்பளம் 30 சதவீதம் கூடுகிறது, ஊர் மாறலாமா?

தாழ்வாரம் | மார்ச் 3, இரவு 9.40

வேறு நகரத்தில் எனக்கு வேலை வந்திருக்கிறது. சம்பளம் 30 சதவீதம் கூடுதல். அங்கே செலவும் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் என்று ஒப்பீட்டுக் கணக்குகள் சொல்கின்றன. ஆக, கைக்கணக்கு சரிக்குச் சரி. பெரிய நகரம், வாய்ப்புகள் அதிகம், அது மட்டும் உபரி. எனவே போவதுதான் சரி என்பது என் வாதம். வீட்டில் நான்கு பேர். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறோம், 11 வயதில் மகள், கூடவே அம்மா. நன்மை தீமைப் பட்டியல் போட்டால் நன்மைப் பக்கம்தான் நீளமாக இருக்கிறது. எங்கே ஓட்டை என்று சொல்லுங்கள்.

பேரேடு | மார்ச் 3, இரவு 10.25

சரிக்குச் சரி இல்லை. விலைவாசி ஏறுவது நீங்கள் செலவழிக்கும் பகுதிக்குத்தான், சேமிக்கும் பகுதிக்கு இல்லை. கைக்கு வரும் தொகை 100 என்று வைத்துக்கொள்வோம். 65 செலவு, 35 சேமிப்பு. செலவு 30 சதவீதம் ஏறினால் 84.5. அதே 35-ஐச் சேமிக்க 119.5 வந்தாலே போதும். 130 வந்தால் 45.5 மிஞ்சும். அதாவது மாதம் 10.5 லாபம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அந்தச் சேமிப்பு புதிய நகரத்திலேயே வீடு வாங்கத்தான் என்றால் சேமிப்பையும் அந்த ஊர் விலையில்தான் அளக்க வேண்டும். அப்போது உங்கள் "சரிக்குச் சரி" உண்மைதான்.

இன்னொன்று. 30 சதவீதம் என்பது மொத்தச் சம்பளத்திலா, வரி போகக் கையில் வருவதிலா? வரி விகிதம் படிப்படியாக ஏறும் இடங்களில் கூடுதலாக வரும் தொகை முழுவதும் மேல்படி விகிதத்தில் விழும். 30 என்பது கையில் 24, 25 ஆகிவிடலாம். கையில் வருவதை வைத்தே எல்லாக் கணக்கையும் போடுங்கள்.

இரண்டாம்மாடி | மார்ச் 4, காலை 6.50

பேரேடு சார், "இருவரும் வேலைக்குப் போகிறோம்" என்று அவர் எழுதியதை விட்டுவிட்டீர்கள். 30 சதவீதம் ஏறுவது ஒருவர் சம்பளம். விலைவாசி ஏறுவது மொத்தக் குடும்பத்துக்கும்.

அந்த 100-ஐப் பிரிப்போம். இவருடையது 60, மனைவியுடையது 40. இவர் சம்பளம் 78 ஆகிறது. மனைவிக்கு அங்கே அதே 40-க்கு வேலை கிடைத்தால் மொத்தம் 118. செலவு 84.5 போக மிச்சம் 33.5. இங்கே 35 மிஞ்சியது. ஆக, எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் மாதம் 1.5 குறைவு.

மனைவிக்கு ஆறு மாதம் வேலை கிடைக்கவில்லை என்றால்? வரவு 78, செலவு 84.5. மாதம் 6.5 கையிருப்பிலிருந்து போகும். இங்கே இருந்தால் மிஞ்சியிருக்கும் 35-ஐயும் சேர்த்தால் மாதம் 41.5. ஆறு மாதத்துக்கு 249. அதாவது இரண்டரை மாதக் குடும்ப வருமானம். இதுதான் ஓட்டை.

பேரேடு | மார்ச் 4, காலை 8.15

இது சரியான திருத்தம். என் கணக்கு ஒற்றை வருமானக் குடும்பத்துக்குத்தான் பொருந்தும். இரட்டை வருமானம் என்றால் கேள்வியே வேறு: மனைவியின் வேலை கூடவே வருமா? அவர் நிறுவனத்துக்கு அங்கே கிளை உண்டா, வீட்டிலிருந்தே தொடர எழுத்தில் ஒப்புதல் கிடைக்குமா? வாய்மொழியாகச் சொன்னதை வைத்து வீட்டைக் காலி செய்யாதீர்கள். மேலாளர் மாறினால் அந்த வாக்கும் போய்விடும்.

ஒருமுறைச் செலவையும் தனியே எழுதுங்கள். வண்டி வாடகை, பயணம், தரகு, இரண்டு ஊரிலும் சேர்ந்து ஓடும் வாடகை, பள்ளிச் சேர்க்கை, அதன்பின் புது வீட்டுக்கு ஏற்ற திரைச்சீலை, அலமாரி, விளக்கு, மின்விசிறி. இந்தக் கடைசி வரிசையைத்தான் எல்லாரும் மறப்பார்கள். பழைய திரைச்சீலை புது ஜன்னலுக்கு ஒருபோதும் பொருந்தாது. அட்வான்ஸ் திரும்பி வரும் பணம்தான். ஆனாலும் அங்கே இருக்கும்வரை அது முடங்கிக் கிடக்கும். இவற்றின் கூட்டுத்தொகையை மாத லாபத்தால் வகுத்தால், போட்டது திரும்பி வர எத்தனை மாதம் என்று தெரியும். ஒருமுறைச் செலவு 150, மாத லாபம் 10.5 என்றால் 14 மாதத்துக்குச் சற்று மேல். மாதக் கணக்கே குறைவில் நிற்கிறது என்றால் அந்த 150 திரும்பவே திரும்பாது. அதை வேறு எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

இரண்டாம்மாடி | மார்ச் 4, இரவு 9.05

இப்போது அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். நன்மைப் பக்கம் நீளம் என்பதால் ஒன்றும் தெரியாது. பட்டியலில் எல்லா வரிக்கும் ஒரே எடை விழுகிறது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு எண் எழுதுங்கள்: இது வருடத்தில் எத்தனை முறை நடக்கும்?

கடற்கரை, அருங்காட்சியகம், பெரிய அரங்கு நிகழ்ச்சி: வருடத்துக்கு ஐந்தாறு முறை. விமான நிலையம் பக்கம்: இரண்டு மூன்று முறை. அலுவலகப் பயணம்: போக வர 440 முறை. தண்ணீர், இரைச்சல், காற்று: 365 நாளும். நன்மைப் பக்கத்தில் எப்போதாவது நடப்பவையும் தீமைப் பக்கத்தில் தினமும் நடப்பவையும் குவிந்திருந்தால் வரி எண்ணிக்கை ஏமாற்றிவிடும்.

ஏமாறுவது மனித இயல்பு. 1998-இல் டேனியல் கானமனும் டேவிட் ஷ்கேடும் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி மாணவர்களையும் தெற்குக் கலிஃபோர்னியா மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள்தான் அதிக மனநிறைவோடு இருப்பார்கள் என்று இரு தரப்பும் ஊகித்தது, முக்கியமாகத் தட்பவெப்பத்தை நினைத்து. தங்கள் வாழ்க்கை எவ்வளவு நிறைவு என்று அவரவரைக் கேட்டபோது இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. இரண்டு ஊரை ஒப்பிடும்போது எது பளிச்சென்று வேறுபடுகிறதோ அதற்கே மொத்த எடையையும் கொடுத்துவிடுகிறோம்.

பேரேடு | மார்ச் 4, இரவு 10.40

அந்த 440-ஐக் கொஞ்சம் விரிக்கிறேன். இங்கே ஒரு வழிக்கு 35 நிமிடம், அங்கே 65 நிமிடம் என்று கொள்வோம். ஒரு நாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். 220 வேலை நாளுக்கு 220 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் 27 நாளுக்கு மேல். விடுப்புக்கு எத்தனை நாள் கொடுக்கிறார்கள் என்று பார்த்து இதைப் பக்கத்தில் வையுங்கள்.

சம்பளத்தையும் மணிக்கு எவ்வளவு என்று பாருங்கள். வேலை எட்டு மணி நேரத்தோடு பயணத்தையும் சேர்த்தால் இங்கே 9 மணி 10 நிமிடம், அங்கே 10 மணி 10 நிமிடம். நேரம் 11 சதவீதம் கூடுகிறது. 30 சதவீத உயர்வு மணிக்கணக்கில் 17 சதவீதம்தான்.

ஜெர்மன் தரவுகளை வைத்து புரூனோ ஃப்ரையும் அலோயிஸ் ஸ்டுட்ஸரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதையே சொல்கிறது. நீண்ட பயணத்துக்கு ஈடாகச் சம்பளமோ நல்ல வீடோ கிடைத்திருக்க வேண்டும், அதனால் மனநிறைவு சமமாக இருக்க வேண்டும். ஆனால் பயணம் நீளமானவர்களின் மனநிறைவு குறைவாகவே இருந்தது. அலுவலகத்திலிருந்து தூரமாக, பெரிய வீடாகப் பார்ப்பதைவிடப் பக்கத்தில் சின்ன வீடு பார்ப்பது பெரும்பாலும் மேல்.

தாழ்வாரம் | மார்ச் 5, காலை 7.10

கணக்கு புரிகிறது. ஆனால் எண்ணை மட்டும் பார்த்தால் யாருமே எங்கும் நகர மாட்டார்கள். தயங்கித் தயங்கி நின்றவர்கள் பிறகு வருந்துவதும் உண்டுதானே?

இரண்டாம்மாடி | மார்ச் 5, காலை 9.30

உண்டு. ஸ்டீவன் லெவிட்டின் ஆய்வு உங்கள் பக்கம் பேசுகிறது. ஒரு முடிவில் தயங்கி நிற்பவர்களைக் கணினியில் நாணயம் சுண்டச் சொன்னார். 20,000-க்கும் மேற்பட்ட முறை சுண்டப்பட்டது. பெரிய முடிவுகளில், மாற்றம் என்று விழுந்து மாறியவர்கள் ஆறு மாதம் கழித்து, இருந்தபடியே இருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். 2021-இல் அச்சில் வந்தது. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் எல்லாரும் ஏற்கெனவே நடு மதிலில் நின்றவர்கள். கணக்கு தெளிவாக ஒரு பக்கம் சாய்ந்தவர்களுக்கு அது பொருந்தாது. முதலில் கணக்கைப் போடுங்கள். உண்மையாகவே சமமாக நின்றால், அப்போது போகும் பக்கம் சாயலாம்.

கரும்பலகை | மார்ச் 5, பகல் 1.20

11 வயது என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1994-இல் ஐந்து நகரங்களில் தொடங்கிய ஒரு சோதனையில், வறுமை மிகுந்த பகுதிகளில் இருந்த குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் வீட்டு உதவி கொடுத்து, வறுமை குறைந்த பகுதிகளுக்கு மாற வைத்தார்கள். ராஜ் செட்டி, நதானியல் ஹென்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் மூவரும் 2016-இல் அதன் நீண்டகால விளைவை வெளியிட்டார்கள். 13 வயதுக்கு முன் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் கணிசமாகக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அதற்குமேல் வயதில் மாறியவர்களுக்கு நன்மை இல்லை, சற்றே பாதகமாகக்கூட இருந்தது.

இதை "13-க்குள் மாறினால் நல்லது" என்று படிக்கக் கூடாது. அங்கே மோசமான சூழலிலிருந்து நல்ல சூழலுக்கு மாறினார்கள். நல்ல பள்ளியிலிருந்து இன்னொரு நல்ல பள்ளிக்கு மாறும் பிள்ளைக்கு அந்த நன்மையை எதிர்பார்க்க முடியாது. ஆனால் இடம் மாறுவதே ஒரு உலுக்கல், வயது ஏற ஏற அதை ஈடுகட்டக் கிடைக்கும் காலம் குறையும் என்பது இரண்டுக்கும் பொது. மாறுவதென்றால் இப்போது மாறுவது, மூன்று வருடம் கழித்து மாறுவதைவிட எளிது.

செய்ய வேண்டியது: இரண்டு பள்ளிகளின் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இடறுவது கணக்கும் இரண்டாம் மொழியும்தான். அறிவியலில் ஒரு பாடம் விட்டுப்போனால் தனியே படித்துக்கொள்ளலாம். பின்னம், குறை எண்கள், இயற்கணிதத் தொடக்கம் மூன்றும் அடுக்கடுக்காக ஒன்றின்மேல் ஒன்று நிற்பவை. இந்தப் பள்ளி அடுத்த பருவத்தில் எடுக்கவிருப்பதை அந்தப் பள்ளி போன பருவத்திலேயே முடித்திருந்தால் பிள்ளை வருடம் முழுக்க மூச்சு வாங்கும். நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். எதுவரை நடந்தது என்பதற்குப் புது ஆசிரியருக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

கரும்பலகை | மார்ச் 5, மாலை 6.45

மதியம் எழுதியதோடு ஒட்டு. "ஆண்டு முடிவில் மாறுங்கள்" என்று எல்லாரும் சொல்வார்கள். பாடத்துக்கு அது சரி. ஆனால் பரீட்சை முடிந்த மறுநாளே கிளம்பினால் விடுமுறை முழுக்கப் பிள்ளைக்கு யாரையும் தெரியாது, யாரையும் சந்திக்கவும் வழியில்லை. விடுமுறையில் பெரும்பகுதியை இங்கேயே கழித்துவிட்டு, பள்ளி திறக்க இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது போவது நல்லது. அந்த இரண்டு வாரத்தில் நீச்சலோ ஓவியமோ விளையாட்டோ ஏதாவது ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டால், பள்ளியின் முதல் நாள் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்க வாய்ப்புண்டு.

சுமைவண்டி | மார்ச் 5, இரவு 11.15

எல்லாரும் கணக்கே போடுறீங்க, சாமான் பத்தி யாரும் பேசலை. ரெண்டு மூணு விஷயம் சொல்றேன்.

வண்டிக்காரர் சாமானைப் பார்க்காம போன்லயே ரேட் சொன்னா ஒத்துக்காதீங்க. பரணும் பால்கனியும்தான் கணக்கைக் கவுக்கும். எல்லா அறையையும், பரண், கட்டிலுக்கு அடி, மொட்டைமாடி உட்பட வீடியோ எடுத்து அனுப்புங்க. எத்தனை பெட்டி, எந்த மாடி, லிஃப்ட் உண்டா, வாசல்வரை வண்டி வருமான்னு ரெண்டு ஊருக்கும் எழுதி வாங்குங்க. இறக்கும்போது "வண்டி தெருவுக்குள்ள வராது, தூக்குகூலி தனி"ன்னு சண்டை வர்றது இங்கதான்.

புத்தகத்தைப் பெரிய பெட்டில போடாதீங்க. 15 கிலோவுக்கு மேல போனா அடி பிரியும். தட்டுகளைப் படுக்க வைக்காம நிமிர்த்தி வரிசையா வைங்க, ஒவ்வொண்ணுக்கும் நடுவில தாள். படுக்க வச்சா மேல இருக்கிற எடை முழுக்க அடித்தட்டு மேல உக்காரும், ஒரு குலுக்கலுக்கே விரிஞ்சிடும்.

ஃப்ரிட்ஜை முந்தின நாளே அணைச்சுக் காய வைங்க. நிமிர்ந்தபடியேதான் போகணும். வேற வழியில்லாம சாய்ச்சு ஏத்தினா, எவ்வளவு நேரம் சாய்ஞ்சு கிடந்ததோ அவ்வளவு நேரமாவது நிமிர்த்தி வச்சுட்டு அப்புறம் போடுங்க. கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள்ள ஓடியிருக்கும், அது திரும்பி வர்றதுக்குள்ள போட்டா கம்ப்ரசர் போயிடும்.

முன்பக்கம் கதவு இருக்கிற வாஷிங் மெஷினுக்கு, வாங்கும்போது பின்னால மூணு நாலு நீளமான போல்ட் இருந்திருக்கும். டிரம் ஆடாம பிடிச்சுக்கிறது அதுதான். அதைத் தேடிப் பிடிச்சு மாட்டாம ஏத்தினா டிரம் தொங்குற ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அடி வாங்கும். போய் இறங்கினதும் கழட்ட மறந்து ஓட்டினா மெஷினே அறை முழுக்க நடக்கும். கீழே வடிகட்டியைத் திறந்து மிச்சத் தண்ணியையும் வடிச்சுடுங்க.

தாழ்வாரம் | மார்ச் 6, காலை 7.30

அந்த போல்ட் எங்கே போனது என்றே தெரியவில்லை. அப்புறம் சாமான் காப்பீடு எடுக்கலாமா?

சுமைவண்டி | மார்ச் 6, காலை 8.00

மாடல் நம்பர் சொன்னா சர்வீஸ்ல தனியா கிடைக்கும், முன்கூட்டியே கேட்டு வைங்க.

காப்பீடு எடுங்க, ஆனா ரெண்டு வரி படிச்சுட்டு எடுங்க. ஒண்ணு, நீங்களே கட்டின பெட்டிக்குள்ள உடைஞ்சதுக்குப் பல ஒப்பந்தத்தில பணம் கிடையாது. அதனால கண்ணாடி, டிவி மட்டுமாவது அவங்க கையாலயே கட்டச் சொல்லுங்க. ரெண்டு, நஷ்டத்தை எடைக்குத் தர்றாங்களா, நீங்க எழுதிக் கொடுத்த மதிப்புக்குத் தர்றாங்களா. எடைக்குன்னா லேப்டாப்பும் செங்கல்லும் ஒரே விலை. இறக்கும்போது கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பெட்டிகளைப் பாருங்க, நசுங்கினது இருந்தா அந்தத் தாள்லயே எழுதிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

கட்டில், அலமாரியோட திருகாணிகளைச் சின்ன பையில போட்டு அந்தந்தப் பலகைலயே ஒட்டிடுங்க. எல்லாத்தையும் ஒரே டப்பால போட்டா எது எதுக்குன்னு ராத்திரி உக்காந்து பிரிக்கணும். முக்கியமா, புது வீட்டு லிஃப்ட் உள்ளளவு, வாசக்கால் அகலம், மாடிப்படி திரும்புற இடம் மூணையும் அளந்துட்டு அப்புறம் சோஃபாவை ஏத்துங்க.

இரண்டாம்மாடி | மார்ச் 7, மாலை 5.15

சாமானுக்கு முன்னால் வீடு. ஊரை நேரில் பார்க்கப் போனால் விடுமுறை நாளில் போகாதீர்கள். அந்த ஊரின் மோசமான பருவம் எதுவோ அப்போது, வேலை நாளில், அலுவலக நேரத்தில், பார்த்து வைத்த வீட்டிலிருந்து அலுவலகம்வரை போய்ப் பாருங்கள். திரும்பி வருவதையும் பாருங்கள். மாலைப் பயணம் பெரும்பாலும் காலையைவிட நீளும்.

வீட்டுக்குள்: எல்லாக் குழாயையும் ஒன்றாகத் திறந்துவிட்டு ஃப்ளஷ் அழுத்துங்கள், மேல்மாடி அழுத்தம் அப்போதுதான் தெரியும். தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை சுவரைக் குனிந்து பாருங்கள். ஒரே மட்டத்தில் கோடு ஓடினால் தண்ணீர் புகுந்து நின்ற இடம். அங்கே மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தாலும் அதே சந்தேகம். அலமாரிக் கதவைத் திறந்து மோந்து பாருங்கள். பூஞ்சை வாசனையைப் பெயிண்ட் மறைக்காது. உள்ளறையில் போன் சிக்னல். மாலை ஐந்து மணிக்கு மேற்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். இரவு பத்து மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் அந்தத் தெருவில் போய் நில்லுங்கள்.

தண்ணீருக்குக் கடினத்தன்மைப் பட்டை வாங்கி நனைத்துப் பாருங்கள். லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் என்றால் மிகவும் கடின நீர். ஹீட்டரிலும் வாஷிங் மெஷினிலும் உப்புப் படியும், சோப்பு நுரைக்காது. டிடிஎஸ் மீட்டர் மட்டும் போதாது. அது கரைந்த உப்பு மொத்தத்தைக் காட்டும், அதில் கால்சியம், மக்னீசியம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது.

காற்றுக்கு, பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளின் ஆண்டுச் சராசரியோடு மோசமான மாதத்தின் சராசரியையும் எடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஆண்டுச் சராசரிக்கு வைத்த வரம்பு ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஒரே ஆண்டுச் சராசரி உள்ள இரண்டு ஊர்களில் ஒன்று வருடம் முழுக்கச் சமமாக இருக்கலாம், மற்றது இரண்டு மாதம் மூச்சை அடைக்கலாம். வீட்டில் வயதானவர் இருப்பதால் அந்த இரண்டு மாதம்தான் முக்கியம்.

கரும்பலகை | மார்ச் 7, இரவு 8.30

அம்மாவின் அன்றாடத்தைப் பற்றி யாரும் இதுவரை எழுதவில்லை. உங்களுக்கு அலுவலகம், மகளுக்குப் பள்ளி என்று ஆட்கள் கிடைக்கும் இடம் தயாராக இருக்கிறது. அவருக்கு அப்படி எதுவும் இல்லை. இங்கே அவர் தனியாக நடந்தே போகும் இடங்களை எழுதுங்கள். மருந்துக்கடை, பூங்கா, பேச்சுத்துணையாக இருக்கும் ஒரு வீடு. அவற்றில் எத்தனை அங்கே நடை தூரத்தில், சாலையைக் கடக்காமல் கிடைக்கும்? தனியாக வெளியே போக முடியாத வீடு என்றால் அவர் உலகம் நான்கு சுவருக்குள் சுருங்கும். இதைப் பட்டியலில் ஒரு வரியாகப் போடாதீர்கள். அவரிடமே, ஆம் இல்லை என்று பதில் சொல்ல முடியாத கேள்வியாகக் கேளுங்கள்: "அங்கே காலையில் எழுந்ததும் என்ன செய்வாய்?"

மருந்துகளின் வணிகப் பெயரோடு மூலப்பெயரையும் அளவையும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். வணிகப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். இரண்டு மாத மருந்து கையில் இருக்கட்டும், அது வண்டியில் போகக் கூடாது. முதல் இரவே கட்டிலிலிருந்து கழிப்பறைவரை சிறு விளக்கு எரிய வேண்டும். பழைய வீட்டில் இருட்டில் கால் தானாகப் போகும். புது வீட்டில் அதே பழக்கத்தில் நடந்தால் வாசற்படி தடுக்கும்.

பேரேடு | மார்ச் 8, காலை 9.50

மன அழுத்தத்துக்கும் ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. 1967-இல் ஹோம்ஸ், ராஹே இருவரும் வாழ்க்கை மாற்றங்களுக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். துணையை இழப்பது 100. வீடு மாறுவது வெறும் 20. இதைப் பார்த்து ஊர் மாறுவது சின்ன விஷயம் என்று நினைத்துவிடலாம். கூடவே வருவதைக் கூட்டுங்கள்: வாழும் சூழல் மாறுவது 25, பணநிலை மாறுவது 38, துணை வேலையை விடுவது அல்லது தொடங்குவது 26, வேலை நேரமும் நிலைமையும் மாறுவது 20, பள்ளி மாறுவது 20, பழகும் வட்டம் மாறுவது 18. மொத்தம் 167. 150-ஐத் தாண்டினால் நடுத்தர ஆபத்து என்று இந்த அளவுகோலை வைத்துப் பொதுவாகச் சொல்வார்கள்.

எனவே ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். மனைவியின் வேலையை நான்கைந்து மாதம் தொடர முடிந்தால் தொடரட்டும், வீடு வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள், வண்டியை மாற்றாதீர்கள்.

இரண்டாம்மாடி | மார்ச் 8, பகல் 12.10

பழகும் வட்டம் 18 என்பது எனக்கு ஒப்பவில்லை. அது நாள்பட்டுக் கனக்கும் சுமை. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் அண்மையில் ஊர் மாறியவர்களையும் எடுத்துக்கொண்டார். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்பாக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருந்தது. வேலை செய்யும் நேரம் இதில் அவ்வளவாகச் சேராது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒருவரோடு கழித்தால் சாதாரண நட்புக்கே 25 வாரம், நெருக்கத்துக்கு இரண்டு வருடம். ஆறாவது மாதத்தில் "இந்த ஊர் ஒட்டவில்லை" என்று தோன்றினால் ஊர் மேல் பழி போடும் முன் இந்த மணிக்கணக்கைப் பாருங்கள். வாரம்தோறும் அதே ஆட்கள் கூடும் ஏதாவது ஒன்றில் முதல் மாதமே சேருங்கள். ஒருமுறை நடந்து முடியும் நிகழ்ச்சிகளில் இந்த மணிகள் சேரவே சேராது.

சுமைவண்டி | மார்ச் 8, இரவு 10.20

பழைய போன் நம்பரை விட்டுடாதீங்க. வங்கி ஓடிபி அதுக்குத்தான் வரும். எல்லா இடத்திலும் நம்பர் மாத்தி, ஒரு தடவை பணம் அனுப்பிப் பார்த்துட்டு அப்புறம்தான் விடணும். முகவரி மாத்தும்போது முதல்ல வாடகை ஒப்பந்தம், அதை வச்சு அடையாள அட்டை, அதுக்கப்புறம் வங்கி, காப்பீடு, வண்டிப் பதிவு. வரிசை தப்பினா ஒவ்வொரு இடமும் இன்னொரு இடத்தோட தாளைக் கேக்கும். அசல் பத்திரம், சான்றிதழ், நகை எதுவும் வண்டில ஏறக்கூடாது, கையோட.

தாழ்வாரம் | மார்ச் 9, இரவு 9.00

மனைவியின் நிறுவனத்தில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை ஆறு மாதத்துக்கு எழுதித் தருகிறார்கள். அம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். முதலில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார். இன்னொரு சிக்கல்: புது நிறுவனம் இடமாற்றச் செலவு தருகிறது, ஆனால் இரண்டு வருடத்துக்குள் விலகினால் முழுவதையும் திருப்பித் தர வேண்டுமாம்.

பேரேடு | மார்ச் 9, இரவு 10.15

கையெழுத்துக்கு முன் மூன்று கேளுங்கள். ஒன்று, முழுவதும் என்பதை மாதவாரியாகக் குறையும்படி மாற்றச் சொல்லுங்கள்: 24 மாதம் என்றால் 12 மாதம் முடிந்தபின் பாதி. பல நிறுவனங்கள் கேட்டால் ஒப்புக்கொள்ளும், கேட்காவிட்டால் தாமாகச் செய்யாது. இரண்டு, அவர்களே வேலையை விட்டு அனுப்பினாலும் தகுதிகாண் காலத்தில் நிறுத்தினாலும் திருப்பித் தர வேண்டியதில்லை என்று எழுதி வாங்குங்கள். மூன்று, அந்தத் தொகைக்கு வரி உண்டா, உண்டென்றால் திருப்பும்போது வரி போகக் கையில் வந்ததையா, முழுத் தொகையையா?

அதுவரை அந்தப் பணத்தைச் செலவாகிவிட்டதாக நினைக்காமல் கடனாகவே கணக்கில் வையுங்கள். திரும்பி வர நேர்ந்தால் ஆகும் செலவு என்பது இதுவும் மறுபடி வண்டி வாடகையும் வாடகை ஒப்பந்தத்தை முன்கூட்டி முடிக்கும் அபராதமும். இந்த மூன்றின் கூட்டுத்தொகை கையிருப்பில் இருந்தால் துணிந்து போகலாம். இல்லையென்றால் போன இடம் பிடிக்காவிட்டாலும் திரும்ப முடியாது.

இரண்டாம்மாடி | மார்ச் 10, காலை 7.05

மனைவிக்கு ஆறு மாதம் என்றால் உங்கள் பரிசீலனைத் தேதி நான்காம் மாத முடிவு. ஆறாம் மாதம் வரை விட்டால் அவர் வேலை தேட நேரம் இருக்காது. எது நடந்தால் திரும்புவோம் என்று இப்போதே இருவரும் எழுதி வையுங்கள்: அவருக்கு நேர்காணல் அழைப்பே வராதது, உங்கள் பயணம் ஒரு வழிக்கு 70 நிமிடத்தைத் தாண்டுவது, அம்மா வெளியே போவதையே நிறுத்துவது. முதல் வீட்டுக்கு 11 மாதத்துக்கு மேல் கட்டுப்படாதீர்கள். இங்கே சொந்த வீடு இருந்தால் முதல் வருடம் விற்க வேண்டாம், வாடகைக்கு விடுங்கள். அம்மாவைக் கூட்டிப் போகும்போது வேலை நாளாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள், குறைந்தது ஐந்து நாள், ஓட்டலில் வேண்டாம். சமையலறை உள்ள இடமாகப் பாருங்கள்.